குளத்தின் எந்தப் பக்கம்? வவுனியாவில் வீடு வைக்க நான்கு பக்கங்கள்

"வவுனியாவில் காணி வாங்கப் போகிறோம், எந்தப் பக்கம் நல்லது?" என்று இந்த இரண்டு மாதத்துக்குள் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஒருவர் யாழ்ப்பாணத்தில் இருந்து இடமாற்றமாகி வரும் ஆசிரியர். இரண்டு பிள்ளைகள், மூத்தது அடுத்த வருடம் தரம் ஒன்று. இன்னொருவர் கனடாவில் இருக்கிறார், வயதான அம்மா அப்பாவுக்காக வீடு தேடுகிறார். மூன்றாமவர் விசுவமடுவில் தோட்டம் செய்யும் ஒரு அக்கா. மகள் பம்பைமடுவில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். கையில் கொஞ்சக் காசு இருக்கிறது, அதை ஒரு துண்டுக் காணியில் போட நினைக்கிறார்.

மூன்று பேருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. ஆனால் மூன்று பேரும் கேட்க மறந்த கேள்வி ஒன்றுதான்: அந்தக் காணி குளத்தின் எந்தப் பக்கம் இருக்கிறது?

வைரவபுளியங்குளம், பண்டாரிகுளம், இறம்பைக்குளம், கோவில்குளம், வேப்பங்குளம், கூமாங்குளம், நெளுக்குளம், தாண்டிக்குளம். இந்த நகரத்தின் வட்டாரங்களை வாய்விட்டுச் சொன்னால் குளங்களின் பட்டியல்தான் வரும். வவுனியா என்ற பெயரும் 'வவுனியன் விளாங்குளம்' என்ற பழைய பெயரின் மிச்சம்தான். இன்றைக்குப் பல இடங்களில் குளம் கண்ணுக்குத் தெரியாது. மதிலும் மாடியும் கடையும் மறைத்துவிட்டன. தண்ணீருக்கு மட்டும் பழைய வழி இன்னும் மறக்கவில்லை.

## முதலில் ஊர்ப் பெயரை வாசியுங்கள்

வன்னியில் ஊர்ப் பெயரே பாதி நிலஅளவை வரைபடம். 'குளம்' என்று முடிந்தால் அங்கே கட்டு (குளத்தின் அணை), வான் (மிச்சத் தண்ணீர் வெளியேறும் வழி), துருசு (வயலுக்குத் தண்ணீர் விடும் மதகு), வயல் எல்லாம் இருந்திருக்கும், அல்லது இப்போதும் இருக்கும். 'மோட்டை', 'மடு' என்று முடிந்தால் தண்ணீர் தங்கும் பள்ளம்: நொச்சிமோட்டை, பம்பைமடு. 'காடு', 'கல்' என்றால் பெரும்பாலும் மேட்டுப் பக்கம்: குருமன்காடு, தோணிக்கல். 'புரம்', 'நகர்' என்று முடிந்தால், ஒரு கலவரத்துக்கோ சண்டைக்கோ பிறகு சனம் வந்து குடியேறிய இடமாக இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே பத்திரம் எப்படிப்பட்டது என்று இரண்டு தரம் கேட்க வேண்டும்.

ஆட்களையும் ஓரளவு பெயரில் இருந்து அறியலாம். வவுனியாவில் புதிதாகச் சந்திக்கும் இருவர் முதலில் கேட்பது "எந்தப் பக்கம்?" என்றுதான். பதிலில் அந்தக் குடும்பம் எப்போது இங்கே வந்தது என்பதும் கொஞ்சம் தெரிந்துவிடும். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வந்தவர்கள், இந்தியாவில் இருந்து திரும்பிச் சிதம்பரபுரம் முகாமில் இருந்தவர்கள், 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் இருந்தும் கிளிநொச்சியில் இருந்தும் வந்தவர்கள், அவர்களுக்கெல்லாம் முன்பே வயல் செய்துகொண்டிருந்த பூர்வீகக் குடும்பங்கள் என்று ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொரு காலம் படிந்திருக்கிறது. நாங்கள் 1996 கடைசியில் வந்து பூந்தோட்டம் முகாமில் இருந்தோம். இன்றைக்கும் யாராவது பூந்தோட்டம் என்று சொன்னால் எனக்கு ஆசிரியர்களைப் பயிற்றும் கல்வியியற் கல்லூரி நினைவுக்கு வராது. தறப்பாளில் மழை விழும் சத்தம்தான் வரும். அந்த நாட்களில் நகரத்துக்குள் நடமாடுவதற்கே பாஸ் வேண்டும். எந்த வட்டாரத்தில் நிரந்தரமாக வீடு கிடைக்கிறது என்பது அப்போது வசதி பற்றிய கேள்வி இல்லை. இந்த நகரத்தில் இருக்கலாமா, கூடாதா என்ற கேள்வி அது.

## எதை வைத்து ஒப்பிடுவது

ஐந்து விஷயங்கள். முதல் இரண்டும் தண்ணீர்.

மாரித் தண்ணீர். ஒரு குளத்துக்கு நான்கு பக்கம் உண்டு. கட்டுக்கு மேலே அலைகரை, மாரியில் குளம் நிரம்பினால் தண்ணீர் ஏறி நிற்கும் இடம். கட்டுக்குக் கீழே வயல், துருசால் வரும் தண்ணீர் பாயும் இடம். கட்டின் ஒரு மூலையில் வான், மிச்சத் தண்ணீர் தப்பிப் போகும் வழி. அப்புறம் கட்டின் ஓரங்களில் உள்ள மேடு. பழைய ஆட்கள் வீடு வைத்தது அந்த மேட்டில்தான். கோவிலும் அங்கேதான் இருக்கும். மற்ற மூன்றிலும் அவர்கள் வீடு வைக்கவில்லை. இப்போது மலிவாக வரும் துண்டுகளில் நிறைய அந்த மூன்றில் ஏதோ ஒன்றில்தான் இருக்கின்றன. குளங்கள் ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொடராக அமைந்திருப்பதால், மேலே இருப்பது வான் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போயாக வேண்டும். நடுவில் உங்கள் மதில் நின்றால் மதிலைத் தாண்டிப் போகும்.

கோடைத் தண்ணீர். வவுனியாவின் அடி கருங்கல். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் போல இல்லை. கிணறு வெட்டினால் மேல்மண் முடிந்ததும் பாறை வரும், வெடி வைக்க வேண்டி வரும். கிடைக்கும் தண்ணீரும் பல இடங்களில் கனம். கேத்திலை ஒரு மாதம் கழுவாமல் விட்டால் உள்ளே வெள்ளைப் படிவு ஓடு மாதிரி பிடிக்கும், கரண்டியால் சுரண்டினால் செதில் செதிலாக வரும். சிறுநீரக நோய் கூடுதலாகக் காணப்படும் மாவட்டங்களில் வவுனியாவும் ஒன்று என்பதால் இதை யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. பேராறு நீர்த்தேக்கத்தில் இருந்து வரும் குழாய்த் தண்ணீர் உங்கள் ஒழுங்கை வரை வந்துவிட்டதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் பிளாஸ்டிக் கான்களில் வாங்கும் குடிதண்ணீருக்கு மாதாமாதம் ஆகும் செலவையும் காணி விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பத்திரம். உறுதிக் காணியா (சொந்த உரிமைப் பத்திரம் உள்ளது), அரசு கொடுத்த பெர்மிட் காணியா? 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியை நொத்தாரிசு முன்னால் போய் நினைத்தபடி விற்க முடியாது. அளிப்புப் பத்திரம் கிடைத்த காணி என்றாலும் கைமாற்றப் பிரதேச செயலாளரின் சம்மதம் வேண்டும். "எல்லோரும் இப்படித்தான் வாங்கினார்கள்" என்று ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தருவது காணி இல்லை, வருங்காலத்து வழக்கு.

பள்ளிக்கூடமும் பயணமும். இது ஒவ்வொருவர் வீட்டு நிலைமையைப் பொறுத்தது. கீழே அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

அயல். அவசரத்துக்குக் கூப்பிட்டால் யார் வருவார்கள் என்பது. தாளில் எழுத முடியாத விஷயம்தான். ஆனால் காணி வாங்கி ஐந்து வருடம் கழித்துச் சிலர் விற்றுவிட்டுப் போவது பெரும்பாலும் இதனால்தான்.

## நடு ஊர்: வைரவபுளியங்குளம், குருமன்காடு

ரயில் நிலையம், ஆதி விநாயகர் கோவில், மைதானம், தொட்ட இடமெல்லாம் ஒரு டியூசன் நிலையம். வைரவபுளியங்குளத்தில் பின்னேரம் மூன்று மணிக்கு ஒரு ஒழுங்கை முனையில் நின்றால் சைக்கிள்கள் ஆறு போல வரும். உயர்தரம் படிக்கும் பிள்ளை உள்ள வீட்டுக்கு இதைவிட வசதியான இடம் மாவட்டத்திலேயே இல்லை. குருமன்காட்டுச் சந்தியில் இருந்து மருந்துக்கடை, வங்கி, ஆஸ்பத்திரி எல்லாம் கிட்ட. காளி கோவிலடியில் இரவு எட்டு மணிக்கும் ஆள் நடமாட்டம் இருக்கும்.

குளத்துக் கேள்வி இங்கே முடிந்துபோன கதை என்று நினைக்காதீர்கள். ஊரின் நடுவில் இருக்கும் குளங்கள்தான் அதிகம் நெருக்கப்பட்டவை. கரையை ஒட்டி வரும் துண்டு என்றால் குளத்து எல்லைக் கல் எங்கே இருக்கிறது என்று நிலஅளவை வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். குளத்து ஒதுக்குக்குள் கட்டிய மதிலுக்கு எந்த உறுதியும் காவல் இல்லை.

வெளியே தெரியாத செலவுகள் சில உண்டு. காணி சிறிது, அதனால் கிணறும் மலசலகூடக் குழியும் ஒன்றுக்கொன்று கிட்ட வந்துவிடும். உங்கள் குழியை விடப் பக்கத்து வீட்டுக் குழிதான் உங்கள் கிணற்றுக்குக் கிட்ட இருக்கும். வாகனம் விட இடம் இருக்காது. உறுதி பெரும்பாலும் சரியாக இருக்கும், ஆனால் பங்குக் காணியாக இருந்தால் கவனம். வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி பங்காளிக்கு வாங்குவதில் முன்னுரிமை உண்டு. எல்லாப் பங்காளிகளும் ஊரில் இருப்பதில்லை, ஒருவர் பாரிசில், ஒருவர் சென்னையில் என்று இருப்பார்கள். அவர்களுடைய கையெழுத்துக்காகக் காத்திருக்கும் ஒரு வருடத்தையும் செலவில் சேருங்கள்.

கனடாவில் இருந்து கேட்டவருக்கு என் பதில் இதுதான்: அம்மா அப்பாவுக்கு நடு ஊரில் சின்ன வீடு. பெரிய வளவு அவர்களுக்கு வேண்டாம். கூட்ட ஆள் கிடைக்காது. ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் ஐந்து நிமிடத்தில் போய்விடலாம் என்பது அந்த வயதில் பெரிய விஷயம்.

## கிழக்கு: இறம்பைக்குளம், கோவில்குளம்

ஹொரவப்பொத்தானை வீதியால் கிழக்கே போனால் இறம்பைக்குளத்தில் புனித அந்தோனியார் ஆலயமும் மகளிர் மகா வித்தியாலயமும். அந்தப் பக்கத்திலேயே கோவில்குளத்தில் அகிலாண்டேசுவரர் கோவில். வீதியால் இன்னும் கொஞ்சம் போனால் மடுக்கந்தை விகாரை. நாலைந்து கிலோமீட்டருக்குள் மணிச் சத்தம் மூன்று விதமாகக் கேட்கும் பக்கம் இது. வெளியூர் ஆட்கள் இந்தப் பக்கத்தை அதிகம் கேட்பதில்லை, ஏனென்று எனக்கு விளங்குவதில்லை. என்னைக் கேட்டால் பழைய குடியிருப்பின் நிதானம் இங்கேதான் இன்னும் இருக்கிறது. வளவுகளில் மாவும் பலாவும் முற்றி நிற்கும். அதுவே ஒரு சாட்சி: பலா நீர் தேங்கும் நிலத்தில் தாக்குப் பிடிக்காது.

பெண் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குப் பள்ளிக்கூடம் கிட்ட. நடு ஊருக்குச் சைக்கிளில் போய் வரலாம். விலை நடு ஊரை விடக் குறைவு, மேற்குப் பக்கத்து உள்ளூர்களை விடக் கூடுதல்.

குறை என்னவென்றால் நல்ல காணி விற்பனைக்கு வருவது அரிது. வந்தால் வாய்வழியாகவே கைமாறிவிடும், விளம்பரம் வரை வராது. கோவில் ஐயாவிடமும் பங்குத் தந்தையிடமும் சொல்லி வைப்பது புறோக்கரிடம் சொல்வதை விடப் பலன் தரும். இன்னும் உள்ளே சிதம்பரபுரம் பக்கம் போனால் மலிவாக வரும். அங்கே முகாமாக இருந்து ஊரான நிலம் உண்டு, பத்திரத்தை ஆறுதலாகப் படியுங்கள்.

## மேற்கு: பண்டாரிகுளம், நெளுக்குளம், பம்பைமடு வரை

இப்போது எல்லோரும் ஓடும் திசை இது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

மன்னார் வீதியால் குருமன்காட்டைத் தாண்டினால் பட்டாணிச்சூர், வேப்பங்குளம், நெளுக்குளம் என்று தொடர்ந்து, பத்துக் கிலோமீட்டரளவில் பம்பைமடு. முன்பு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக நகருக்குள்ளும் இயங்கிய நிறுவனம் 2021 ஆகஸ்ட் முதலாம் திகதி தனிப் பல்கலைக்கழகமானது. பம்பைமடுவில் கட்டடங்கள் எழும்ப எழும்ப, மன்னார் வீதியின் இரு பக்கத்திலும் காணித் துண்டுகள் எழும்பின. "கம்பஸ் வருகிறது, விலை ஏறும்" என்பதே எல்லாப் புறோக்கருக்கும் முதல் வசனம்.

நானும் அந்த வசனத்தைக் கேட்டவன்தான். முகாமுக்குப் பிறகு பண்டாரிகுளத்தில் பத்து வருடத்துக்கு மேல் வாடகைக்கு இருந்தோம். விபுலானந்தாக் கல்லூரி மணி அடித்தால் வீட்டில் கேட்கும். அந்தப் பக்கத்து அயல் எங்களுக்குச் சொந்தம் போல. அந்த நம்பிக்கையில் இன்னும் கொஞ்சம் மேற்கே ஒரு துண்டு பார்த்தோம். ஆவணி மாதம். நிலம் வெடித்துக் கிடந்தது, சோளகக் காற்றில் புழுதி பறந்தது. "ஐயா, இதில் தண்ணீர் நிற்குமா?" என்று அப்பா கேட்டார். "இந்த மண்ணைப் பாருங்கோ, தண்ணீரே கிடையாது" என்றார் காணியைக் காட்டியவர். வாங்கினோம்.

அத்திவாரம் வெட்ட வந்த மேசன் ஐயாதான் முதலில் நின்றார். இரண்டடி ஆழத்தில் மண்வெட்டியில் ஏதோ கடகட என்றது. குனிந்து கையில் எடுத்தார்: நத்தைக் கோது, வெளுத்துப்போய், விரல் நகம் அளவில். இன்னும் கிளறினால் இன்னும் இருந்தன, ஒரு கைபிடி. "தம்பி, இது வயல். யாரோ கிறவல் மண் போட்டு மூடியிருக்கிறார்கள்" என்றார். வடக்கு மூலையைக் காட்டி, "அங்கே நிற்கிறது மருது. மருது சும்மா நிற்காது" என்றும் சொன்னார். அந்த மரத்தின் நிழலில் நின்றுதான் நாங்கள் விலை பேசியிருந்தோம்.

அந்தக் கார்த்திகையில் மேலே இருந்த குளம் வான் பாய்ந்தது. அத்திவாரக் கிடங்கு முழுக்கத் தண்ணீர், அதில் சின்னச் சின்ன மீன். நிலத்தை உயர்த்த எத்தனை டிப்பர் கிறவல் போட்டோம் என்று அப்பா ஒரு கொப்பியில் குறித்து வந்தார். நாற்பதைத் தாண்டியதும் எழுதுவதை நிறுத்திவிட்டார். காணியை மலிவாக வாங்கியதில் மிஞ்சிய காசை விடக் கிறவலுக்குப் போனது கூட.

அப்புறம் அறிந்துகொண்டது இன்னொன்று. வயல் நிலத்தை நிரப்பிக் கட்டுவதற்குக் கமநலத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. விற்கிறவர் நிரப்பினாலும் வாங்குகிறவர் தலையில்தான் விடியும். வாங்க முன்னர் கமநல சேவை நிலையத்துக்குப் போய் அந்தக் காணி வயல் பதிவில் இருக்கிறதா என்று கேளுங்கள். அரை நாள் வேலை. எங்களுக்கு அந்த அரை நாளை யாரும் சொல்லித் தரவில்லை.

இதனால் மேற்குப் பக்கமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இப்போதும் அங்கேதான் இருக்கிறேன், விட்டுப் போக மனம் இல்லை. நல்ல காணியை எப்படி அறிவது என்பதைத்தான் சொல்கிறேன். காணியில் அல்லது அயலில் பாலை, வீரை, முதிரை நின்றால் மேட்டு நிலம். மருது, புங்கு, நீர்முள்ளி நின்றால் தண்ணீர் வந்து போகும் நிலம். பக்கத்துப் பழைய வீட்டுச் சுவரில் ஈரக் கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள், வெள்ளை அடித்தாலும் அடுத்த மாரியில் அந்தக் கோடு திரும்பத் தெரியும். அந்த வீட்டு அம்மாவிடம் "மாரியில் பிள்ளைகள் எந்த வழியால் பள்ளிக்கூடம் போவார்கள்?" என்று கேளுங்கள். "வெள்ளம் வருமா?" என்று கேட்டால் ஊரை விட்டுக்கொடுக்க மாட்டார்கள், இல்லை என்பார்கள். வழியைக் கேட்டால் உண்மை வரும்.

பம்பைமடுவுக்கு இன்னும் கிட்டப் போனால் காணி பெரிது, விலை குறைவு. ஆனால் நகரத்துக் குப்பையைப் பம்பைமடுப் பக்கம் கொட்டிவந்ததும், அயல் கிராமத்துச் சனம் அதை எதிர்த்து வீதிக்கு வந்ததும் இந்தக் கணக்கில் சேர வேண்டியவை. காற்று எந்தத் திசையில் அடிக்கும் என்று அங்கே இருப்பவர்களைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். ஓட்டோவும் இரவில் எளிதில் வராது.

மேற்கு யாருக்குப் பொருந்தும்? மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும், கொஞ்சம் தோட்டம் வைக்க ஆசைப்படும், இருபது வருடம் இருக்கப் போகிற இளம் குடும்பத்துக்கு. பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு அறை கட்டி வாடகைக்கு விட நினைப்பவர்களுக்கும் சரி. ஆனால் விடுமுறை மாதங்களில் அறை காலியாக இருக்கும், அந்த மாதங்களுக்கும் கடன் தவணை வரும்.

## வடக்கு: தாண்டிக்குளம், ஓமந்தை

வடக்கே ஏ9 வீதியில் மூன்று கிலோமீட்டரளவில் தாண்டிக்குளம், விவசாயக் கல்லூரி அங்கே. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் ஓமந்தை. ஒரு காலத்தில் இந்த இரண்டு பெயரையும் கேட்டால் வயிற்றில் ஏதோ செய்யும். 1990க்குப் பிறகு ரயில் வவுனியாவோடு நின்றது, தாண்டிக்குளத்துக்கு அப்பால் போவது வேறு நாட்டுக்குப் போவது போல. 1997 மே மாதம் ஜெயசிக்குறு என்ற இராணுவ நடவடிக்கை தொடங்கியது இந்த வீதியைப் பிடிக்கத்தான். 2002இல் வீதி திறந்தபோது ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பொதிகளை அவிழ்த்துக் கட்டி அவிழ்த்துக் கட்டியே கை பழகிப்போனது. 2011இல் ஓமந்தை வரை ரயில் போனது, 2013இல் கிளிநொச்சி, 2014இல் யாழ்ப்பாணம். எல்லையாக இருந்த இடம் வழியில் ஒரு தரிப்பிடமாகிவிட்டது. 2016இல் பொருளாதார மத்திய நிலையத்தைத் தாண்டிக்குளத்தில் கட்டுவதா ஓமந்தையில் கட்டுவதா என்று பெரிய இழுபறியே நடந்தது. இதே இடங்களில் கண்ணிவெடிப் பலகை நின்றதைப் பார்த்தவர்களுக்கு அந்த இழுபறியும் ஒரு விதத்தில் ஆறுதல்தான்.

காணி என்று வந்தால் இங்கே பரப்பாக வாங்காதீர்கள், ஏக்கராகப் பாருங்கள். (பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். பேர்ச்சில் சொன்னால் நூற்றறுபது.) தென்னை, மா, பப்பாசி, கொஞ்சம் வயல் என்று நிலத்தில் வாழ விரும்புகிறவர்களுக்கு நகரத்துக்குக் கிட்ட இதைவிட நல்ல திசை இல்லை. யாழ்ப்பாண பஸ் எல்லாம் வாசலால் போகும். ஓமந்தை மத்திய கல்லூரி இருக்கிறது.

மறைந்திருக்கும் செலவு இங்கே பத்திரத்தில்தான். இடம்பெயர்ந்து போனவர்களின் காணியில் வேறு ஆட்கள் இருந்து, பிறகு அவர்கள் விற்கும் கதைகள் உண்டு. பத்து வருடம் இருந்தால் ஆட்சி உரிமை என்று சொல்லி விற்பார்கள். ஆனால் போரால் காணிக்கு வர முடியாமல் போனவர்களைக் காப்பாற்ற 2016இல் ஒரு தனிச் சட்டம் வந்தது, 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை அவர்களுக்கு எதிராகக் கணக்கிட முடியாமல் செய்தது. அதனால் "இருபத்தைந்து வருடமாக நாங்கள்தான் இருக்கிறோம்" என்ற பேச்சை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். காணிப் பதிவகத்தில் பழைய பதிவை எடுத்து, உரியவர் எங்கே என்று தேடுங்கள். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அது இன்னொருவர் விட்டுப் போன வளவு. அவர் நட்ட மாமரம் நிற்கும், கிணற்றுக் கட்டில் அவர் பிள்ளையின் பெயர் கீறியிருக்கும். அப்படி ஒரு கிணற்றுக் கட்டை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் காணிக்கு விலை கேட்கவே எனக்கு வாய் வரவில்லை.

மின்சாரத் தூண் ஒழுங்கை வரை இருக்கிறதா, கிணற்றில் புரட்டாதியில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, இரவில் யானை வருமா என்பதையும் கேளுங்கள். வீதியோரத்தில் இந்தப் பயம் குறைவு, உள்ளே போகப் போகக் கூடும்.

## யாருக்கு எது

ஆசிரியருக்கு: இப்போது காணியே வாங்க வேண்டாம். தரம் ஒன்று அனுமதிக்காக அவசரப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன். வதிவிட அடிப்படையில் புள்ளி போடும்போது முந்தைய ஐந்து வருட வாக்காளர் இடாப்பைப் பார்ப்பார்கள். நீங்கள் இன்றைக்கு உறுதி எழுதினாலும் அந்த ஐந்து வருடம் உங்களுக்கு வராது. இடமாற்றமாகி வரும் அரச ஊழியர்களின் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது, அதில் விண்ணப்பியுங்கள். இறம்பைக்குளம் பக்கமோ பண்டாரிகுளத்திலோ வாடகைக்கு ஒரு வீடு எடுங்கள். இரண்டு மாரி பாருங்கள். எந்த ஒழுங்கையில் தண்ணீர் நிற்கிறது, எந்த அயலோடு மனம் ஒட்டுகிறது என்று தானாகத் தெரியும்.

கனடாக்காரருக்கு மேலேயே சொல்லிவிட்டேன். ஒன்று மட்டும் கூட: வீடியோவில் பார்த்து வாங்காதீர்கள். வீடியோ எப்போதும் கோடையில்தான் எடுக்கப்படும்.

விசுவமடு அக்கா, உங்கள் கணக்கு வேறு. மகள் படித்து முடிக்கும் வரை அவளுக்குத் தேவை ஒரு அறை, அதற்குக் காணி வேண்டாம். காசை நிலத்தில்தான் போட வேண்டும் என்றால் பம்பைமடுவில் பத்துப் பேர்ச் வாங்குவதை விட ஓமந்தைப் பக்கம் உறுதி சுத்தமான அரை ஏக்கர் உங்களுக்குப் பொருந்தும். தோட்டம் தெரிந்த கை உங்களுடையது, அங்கே நிலம் சும்மா கிடக்காது. மகளைப் பார்க்க ஐப்பசியில் வரப் போவதாகச் சொன்னீர்கள். ஒரு மாதம் தள்ளிக் கார்த்திகையில் வாருங்கள், நல்ல மழை ஒன்று பெய்து மூன்றாம் நாளாக இருந்தால் இன்னும் நல்லது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு காணியின் நான்கு மூலைக்கும் நடந்து பார்ப்போம். நானும் கூட வருகிறேன்.